எண்ணெய் தேசத்துக்குத் துணி நெய்த அனகாபுத்தூர்!

"எங்க ஊரையும் மாநகராட்சியில சேர்க்கப் போறாங்களாம்டா!"

கேன்டீனில் நான் இப்படிக் கெத்தாகச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த அனகாபுத்தூர் நண்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "நாங்க ஏற்கெனவே சேர்ந்துட்டோம். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வா. எங்க தாத்தாகிட்ட பேசு. அப்புறம் சந்தோஷப்படலாமா வேணாமான்னு முடிவு பண்ணு" என்றான்.

நமக்கு ஊர் ஊரப்பாக்கம். கொஞ்ச வருஷம் முன்னாடி வரை, "எங்கப்பா இருக்கு அது?" என்று கேட்பார்கள். "வண்டலூர் ஜூவுக்கு அடுத்து" என்று சொல்லி, அதற்கு ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொள்வோம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் கதையே மாறிவிட்டது. மதுரைக்காரர், நெல்லைக்காரர் எல்லாரும் இப்போது நம்ம ஏரியாவில்தான் வந்து இறங்குகிறார்கள். வயல் இருந்த இடத்தில் பிளாட், பிளாட் இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். பூம் டவுன் என்கிறார்களே, அதேதான்!

சரி, பூம் முடிந்த ஒரு ஊரையும் பார்த்துவிடுவோம் என்று அந்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். இதில் பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை இப்போது ஒரே மாநகராட்சி. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், எங்கே ஒரு ஊர் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பத்து வருஷம் முன்பே யாராலும் சொல்லியிருக்க முடியாது. வீடுகள் முதலில் சேர்ந்துவிட்டன. அரசாணை பின்னால்தான் வந்தது.

பல்லாவரத்தில் இறங்கினேன். சாதாரண இடம் இல்லை மக்களே! 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இங்கேதான். அங்கிருந்து குன்றத்தூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ. நடுவில் பம்மல். தமிழ் நாடகத்துக்குப் புது வாழ்வு கொடுத்த பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே பம்மல். அதைத் தாண்டினால் அடையாற்றின் கரையில் அனகாபுத்தூர்.

முதல் பார்வையில் சென்னைப் புறநகருக்கு உண்டான எல்லாமே இருக்கிறது. செல்போன் கடை, பிரியாணி கடை, 'வீடு வாடகைக்கு' போர்டு, தண்ணீர் லாரி. 'இதைப் பார்க்கவா வரச் சொன்னான்?' என்று யோசிக்கும்போதே நண்பன் வந்து ஒரு சந்துக்குள் இழுத்துப் போனான். உள்ளே போகப் போக ஒரு சத்தம். டக்... டக்... டக்... கைத்தறி!

தாத்தா திண்ணையில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். "வா தம்பி, ஊரப்பாக்கமா? உக்காரு" என்றவர், பீரோவிலிருந்து ஒரு துணியை எடுத்துவரச் சொன்னார். சிவப்பும் நீலமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டம். ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் இருக்கும்.

"இது என்னன்னு சொல்லு பார்ப்போம்?"

"லுங்கியா தாத்தா?"

"கர்ச்சீப்!"

நான் முழித்ததைப் பார்த்து நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பெயரே அதுதான் பாஸ். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்'. மூக்கு துடைக்கிற சமாச்சாரம் இல்லை. தலையில் கட்டலாம், இடுப்பில் சுற்றலாம். இதை நம்ம ஊரில் யாரும் கட்டவில்லை. அனகாபுத்தூரில் நெய்த துணி கப்பல் ஏறி நேராகப் போனது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, முக்கியமாக நைஜீரியாவுக்கு!

எப்படி இந்த லிங்க்? கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம்.

1639-ல் ஆங்கிலேயர்கள் மெட்ராஸில் கால் ஊன்றியதே துணிக்காகத்தான். நெசவாளர்கள் பக்கத்திலேயே வேண்டும் என்று 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையையே நெசவாளர் ஊராக அமைத்தார்கள். கோட்டையைச் சுற்றியிருந்த ஊர்களில் நெய்த கட்டம்போட்ட துணி லண்டன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கடற்கரைக்குப் போனது. இதில் ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் இந்தியத் துணிகளைக் கொடுத்து அங்கே அடிமைகளை வாங்கினார்கள். நம்ம ஊர் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அடிமை வியாபாரம் ஒழிந்தது, துணி மேல் இருந்த ஆசை போகவில்லை. நைஜர் டெல்டாவில் கலபாரி என்று ஒரு இனம். அவர்களுக்கு மெட்ராஸ் கட்டம் என்றால் உயிர். 'இன்ஜிரி' என்று பெயர் வைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். பெரியவர் யாராவது இறந்தால், குடும்பத்தின் பழைய துணிகளை எடுத்துக் கட்டிலையும் அறையையும் அலங்கரிப்பார்கள். நம்ம நெசவாளி நூலைக் கோத்துக் கட்டம் போட்டால், கலபாரிப் பெண்கள் பிளேடால் அதில் சில இழைகளை அறுத்து உருவி, புது டிசைனே கொண்டுவந்துவிடுவார்கள்! பக்கத்திலிருக்கிற இக்போ மக்கள் இந்தியத் துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள். நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஞாபகம்தான்.

மெட்ராஸ் கட்டத்துக்கு அமெரிக்காவிலும் ஒரு காலம் இருந்தது. 1950-களின் கடைசியில், துவைத்தால் சாயம் போகிற மெட்ராஸ் துணியையே, 'சாயம் போகும், கியாரண்டி!' என்று விளம்பரம் பண்ணி விற்றார்கள். அங்கே பெரிய பெரிய யுனிவர்சிட்டி பசங்களுக்கு அதுதான் ஃபேஷன். நமக்குச் சாயம் போனால் கடைக்காரனோடு சண்டை!

இப்போது எண்ணெய்க்கு வருவோம்.

1956-ல் அதே நைஜர் டெல்டாவில், ஒலோய்பிரி என்ற குக்கிராமத்தில், ஷெல் கம்பெனி எண்ணெய் கண்டுபிடித்தது. 1958-ல் ஏற்றுமதி ஆரம்பம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் விலை நாலு மடங்கானது. நைஜீரியாவில் பண மழை! 1975-ல் அந்த அரசு ஆர்டர் கொடுத்த சிமென்ட்டை ஏற்றிவந்த கப்பல்கள், இறக்க இடமில்லாமல் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கில் வரிசைகட்டி நின்றன என்றால் பாருங்கள்.

நம்ம தலைமுறை என்ன நினைக்கும்? வாங்குகிறவன் கையில் காசு கொட்டுகிறது, விற்கிறவனுக்குக் கொண்டாட்டம்தானே? அதுதான் இல்லை. கையில் காசு வந்த தேசம், 'நாமே மில் வைப்போம், வெளிநாட்டுத் துணி எதற்கு?' என்று யோசித்தது. 1970-களில் இறக்குமதிக்குத் தடை வந்தது.

"தந்தி வந்துச்சா தாத்தா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு யாருப்பா தந்தி அடிப்பான்? ஏற்றுமதிக்காரர் ஆள் வாராவாரம் வருவார். ஒரு வாரம் வரலை. அடுத்த வாரமும் வரலை. பாவு ஏத்தின தறி அப்படியே நின்னுச்சு. நைஜீரியா எந்தத் திசையில இருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஆனா அங்க ஒருத்தர் கையெழுத்து போட்டா இங்க அடுப்பு எரியலை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிர்வீட்டுத் தறி மட்டும் டக்... டக்...

இதில் இன்னொரு விஷயம். எண்ணெய் கிடைத்த ஒலோய்பிரிக்காவது நல்லது நடந்ததா? அங்கே இருபது வருஷம் எண்ணெய் எடுத்தார்கள். 1978-ல் கிணறுகளைக் கைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஒரு தேசத்தையே பணக்காரனாக்கிய ஊர், நல்ல ரோடுக்கும் குடிதண்ணீருக்கும் ஏங்கிக்கொண்டு நின்றது. துணி கொடுத்த ஊரும் எண்ணெய் கொடுத்த ஊரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் காலியானது விதியின் விளையாட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டு ஊரைப் பற்றிய முடிவையும் அந்த ஊர்க்காரர்கள் எடுக்கவில்லை.

அனகாபுத்தூர் அப்படியே படுத்துவிடவில்லை. புடவைக்கு மாறினார்கள். வாழை நாரில் நூல் எடுத்து நெய்தார்கள். மூங்கில், கற்றாழை, அன்னாசி என்று எதையும் விடவில்லை. இருபத்தைந்து வகை இயற்கை நாரை ஒரே புடவையில் நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் ஏறினார்கள். ஆனாலும் ஊரில் இப்போது தறிச் சத்தம் குறைச்சல்தான். பிள்ளைகள் ஏர்போர்ட்டுக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போகிறார்கள். என் நண்பனும் தறியில் உட்கார்ந்ததில்லை. "பாவு எது, ஊடை எதுன்னு மட்டும் தெரியும்டா" என்கிறான்.

அடுத்தது இணைப்பு.

2021 நவம்பர் 3-ல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். பத்தையும் சேர்த்து ஒன்று. மொத்தம் 70 வார்டுகள். 2022 மார்ச்சில் முதல் மேயராகப் பதவியேற்ற வசந்தகுமாரிக்கு அப்போது வயது 25, இன்ஜினீயரிங் பட்டதாரி. நம்ம செட்டு! அது நிஜமாகவே சந்தோஷமான விஷயம்.

"இணைஞ்சதால நஷ்டமா தாத்தா?"

"நஷ்டம்னு சொல்ல மாட்டேன். பெரிய குடும்பத்துல சேர்ந்தா பெரிய திட்டம் வரும். சாக்கடையை ஒரு ஊரு மட்டும் சுத்தம் பண்ணி என்ன ஆகப் போவுது, அடுத்த ஊர்ல அடைச்சுக்கும். ஆனா முன்னெல்லாம் தெருவிளக்கு எரியலைன்னா நகராட்சி ஆபீசு வாசல்ல போய் நின்னு சத்தம் போடுவேன். தலைவருக்கு என் முகம் தெரியும். இப்ப எழுபது பேர் உட்கார்ற சபையில எங்க ஊர்க்காரங்க எத்தனை பேரு? விரல் விட்டு எண்ணிடலாம்."

2011 கணக்கெடுப்பில் அனகாபுத்தூரின் மக்கள்தொகை சுமார் 48 ஆயிரம். நகராட்சியாக இருந்தபோது அது ஊரின் முழுக் குரல். மாநகராட்சியில் அது ஒரு ஓரத்துக் குரல்.

அந்த வித்தியாசம் எப்போது தெரியும்? ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான் நண்பன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு புகுந்த ஏரியா இது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா முதல்ல முழுகுறது தறிக்குழிதான்" என்றான். ஆற்றோரம் வீடுகள் இருந்த இடம் ஒன்று இப்போது வெறிச்சென்று கிடந்தது. ஆற்றை ஆக்கிரமித்ததாகச் சொல்லி 2025 மே மாதம் இங்கே வீடுகளை இடித்தார்கள். பல வருஷமாக இருந்தவர்கள், ரேஷன் கார்டு, கரன்ட் பில் எல்லாம் வைத்திருந்தவர்கள் தூரத்தில் இருக்கிற குடியிருப்புகளுக்குப் போனார்கள். ஆற்றுக்கு இடம் வேண்டும்தான். வெள்ளத்தைப் பார்த்த யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதே ஊரில் மாற்று இடம் கேட்டு வாதாட, 'எங்க ஊர் சபை' என்று ஒன்று இருந்திருந்தால்? பதில் எனக்கும் தெரியவில்லை. கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. எங்க ஊரைப் பற்றி யோசித்தேன். 2021 பட்டியலில் ஊரப்பாக்கம் இல்லை. ஊராட்சியாகவே நின்றுவிட்டது. சேர்ந்தால் பாதாளச் சாக்கடை வரும், நல்ல தண்ணீர் வரும் என்று ஒரு கட்சி. வரி ஏறும், ஏழைப் பெண்களுக்குக் கிடைக்கிற ஊரக வேலை போய்விடும் என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் தினமும் இந்தப் பட்டிமன்றம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கிராம சபைக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறதே, அதற்கு நம்ம வயசுப் பசங்க எத்தனை பேர் போயிருக்கிறோம்? நான் போனதில்லை. நீங்கள்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அடையாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகளில் ஒன்று எங்க ஊருக்குப் பக்கத்து ஆதனூர் ஏரி. இங்கே நிரம்பி வழிகிற தண்ணீர்தான் முடிச்சூர் தாண்டி அனகாபுத்தூர் தாத்தா வீட்டுப் பக்கம் போகிறது. எங்க ஊரில் வாய்க்காலை மூடி ஒரு பிளாட் போட்டால், அவர் வீட்டுத் தறிக்குழி நனையும். எந்த அரசாணையும் இல்லாமல் எப்போதோ இணைந்துவிட்ட ஊர்கள் நாம்.

கிளம்பும்போது தாத்தா அந்தக் கட்டம்போட்ட கர்ச்சீப்பை என் கையில் கொடுத்தார். "வேணாம் தாத்தா, இது உங்க ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா. உங்களுக்குத்தான் வேணும்" என்றார்.

அடுத்த கிராம சபைக்கு அதைத் தலையில் கட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு நைஜீரியாவிலிருந்து கதையை ஆரம்பிக்க வேண்டியதுதான்!