பொதுப்பொருள் காத்த பெரோஸ் காந்தி

பள்ளி ஆசிரியர் ஒருவர், தாம் மறைந்தபின் மனைவியும் மக்களும் அல்லலுறாதிருத்தற்பொருட்டு, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டுக் கட்டணமாகச் செலுத்துகின்றார். அவரைப் போன்ற பல்லாயிரவர் செலுத்தும் சிறு தொகைகள் திரண்டு கோடிக்கணக்கில் வளர்கின்றன. அப்பொருள் யார் கையில் புரள்கின்றது, எதன்பொருட்டுச் செலவாகின்றது என்பதை அவ்வாசிரியர் அறியார்; அறிதற்கு வழியும் எளிதன்று. அவர் பொருட்டு நின்று வினவுதல் நாடாளுமன்ற உறுப்பினர் கடன். அக்கடனைத் தம் கட்சியும் சுற்றமும் முகஞ்சுளிக்க நேரும் என்றறிந்தும் ஆற்றியவர் பெரோஸ் காந்தி.

அவர் 1912ஆம் ஆண்டு பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் தோன்றியவர். பெயரொற்றுமை கண்டு அவரைக் காந்தியடிகளின் உறவினர் என்று மயங்குவார் பலர், அஃது உண்மையன்று. விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். ஜவாஹர்லால் நேருவின் மகள் இந்திராவை 1942ஆம் ஆண்டு மணந்தார். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்து ரேபரேலி வட்டாரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றார். தலைமை அமைச்சரின் மருமகர், ஆளுங்கட்சியின் உறுப்பினர். வாய்மூடி அமர்ந்திருந்தாலே எல்லா நலமும் தேடி வரத்தக்க நிலை அது. முதல் மூன்றாண்டுகள் அவர் அவையில் பெரிதும் பேசாதிருந்தார் என்பதும் மெய்யே. ஆயின் 1955ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் எழுந்தபோது, தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் நிலை நாட்டுக்குத் தெரியலாயிற்று.

செல்வர் ராமகிருஷ்ண டால்மியாவின் ஆட்சியிலிருந்த காப்பீட்டு நிறுவனத்தின் பணம் அவருடைய பிற தொழில்களுக்குத் திருப்பப்பட்டதை அவர் கணக்கோடு எடுத்துரைத்தார். வசைமொழிகளை நாடாது ஆவணங்களையே அடிப்படையாகக் கொண்டு பேசியமையால் அவ்வுரை வலிமை பெற்றது. அடுத்த மாதமே, 1956 ஜனவரியில், ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தால் ஏற்றது. செப்டம்பர் முதல் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. இம்மாற்றத்திற்கு அவர் உரை ஒன்றே காரணம் என்றல் மிகையாகும். எனினும் அதன் பங்கு சிறிதன்று.

இதனினும் நுட்பமான தொண்டு ஒன்றையும் அவர் அவ்வாண்டே செய்தார். அவையில் உறுப்பினர் கூறுவதற்காக அவர்மீது வழக்குத் தொடுத்தல் இயலாது. அரசியலமைப்பு அவருக்கு அக்காப்பு நல்கியுள்ளது. அவ்வுரையை அச்சிடும் நாளிதழுக்கோ அந்நாளில் அத்தகைய அரண் இருந்ததில்லை. அவதூறு வழக்கில் சிக்கவும் கூடியதாயிருந்தது. அவையில் எழும் குரல் நான்கு சுவர்களைத் தாண்டாதாயின் குடிமக்களுக்கு யாது பயன்? ஆதலின், நாடாளுமன்ற நடவடிக்கைகளைத் தீய நோக்கமின்றி, பெரும்பாலும் உண்மை பிறழாது வெளியிடும் இதழ்களைக் காக்கும் சட்ட முன்வரைவைத் தனி உறுப்பினராகவே அவர் கொணர்ந்து நிறைவேற்றினார். தனி உறுப்பினர் கொணரும் முன்வரைவு சட்டமாதல் அரிதினும் அரிது. 1970ஆம் ஆண்டிற்குப்பின் அங்ஙனம் ஒன்றேனும் இரு அவைகளிலும் நிறைவேறியதில்லை.

தாம் தோன்றத் துணைநின்ற கழகத்தின்மீதே குற்றம் சாட்டும் நிலை இரண்டாண்டு கழியுமுன் அவருக்கு நேர்ந்தது. 1957 ஜூனில் அக்கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. முதலீடுகளை ஆராய்தற்கென அமைந்த குழுவைக் கலந்துகொள்ளாமலே இது நிகழ்ந்தது. வணிகரோ கடனில் மூழ்கியிருந்தார். அவையில் முதலில் எழுந்த வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைத்திலது. டிசம்பர் 16ஆம் நாள் பெரோஸ் காந்தி எழுந்தார். இத்தகைய செயலைக் கண்டும் வாளாவிருத்தல் குற்றமாகும் என்னும் கருத்துப்படத் தொடங்கி, பங்குகளின் விலையையும் வாங்கிய முறையையும் எடுத்துக்காட்டி, கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார். எதிரே அமர்ந்திருந்த அரசு அவர் கட்சியின் அரசு; அதன் தலைவர் அவருடைய மாமனார். எதிர்க்கட்சியார் குறை கூறின் அரசியல் என்று தள்ளிவிடலாம். இவரை அங்ஙனம் தள்ள இயலவில்லை.

அரசு, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளாவை ஆராயுமாறு பணித்தது. அவர் விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் மிகுந்தமையால் வெளியே நின்றோர் கேட்டற்கு ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. இக்காலத்து ஆணையங்கள் ஆண்டுக்கணக்கில் நீளக் காண்போர்க்கு வியப்பூட்டுமாறு, 1958 பிப்ரவரிக்குள் அறிக்கை வந்துவிட்டது. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பாவர் என்று சாக்ளா முடிவு கூறினார். தமிழ்நாட்டவரும் ஆற்றல் மிக்க நிதி அமைச்சருமான டி. டி. கிருஷ்ணமாச்சாரி அம்மாதமே பதவி துறந்தார். அவர் தமக்கெனப் பொருள் கொண்டார் என்று அறிக்கை கூறவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1962ஆம் ஆண்டு மீண்டும் அமைச்சரானார். முந்த்ரா சிறைத்தண்டனை பெற்றார்.

பெரோஸ் காந்தி 1960 செப்டம்பர் 8ஆம் நாள் காலமானார். நாற்பத்தெட்டாம் ஆண்டு நிறைவுக்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன. இதழ்களைக் காத்த அவர் சட்டம், இந்திரா காந்தி தலைமை அமைச்சராயிருந்த நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியதும் அது மீண்டும் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டுத் திருத்தத்தால் அக்காப்பு அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது.