27 ஓட்டங்களுக்குப் பிறகு

2018 ஜூன் 3-ஆம் நாள் கோலாலம்பூரில் மகளிர் ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் தொடர் தொடங்கியது. முதல் நாளிலேயே மலேசியா இந்தியாவை எதிர்கொண்டது. முதலில் மட்டை பிடித்த இந்தியா 20 ஓவர்களில் 169 ஓட்டங்களைக் குவித்தது. மித்தாலி ராஜ் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்து ஆடிய மலேசிய அணியோ 27 ஓட்டங்களில் சுருண்டது. அதே தொடரில் பாகிஸ்தானுக்கு எதிராக அது எடுத்தவை 30 ஓட்டங்களே.

அந்த அணியின் தலைவி வினிஃபிரெட் துரைசிங்கம். அப்போது அவருக்கு வயது 25. மட்டை பிடிப்பது, பந்து வீசுவது ஆகிய இரண்டிலும் அணிக்குக் கைகொடுப்பவர். பூப்பந்துக்கும் காற்பந்துக்கும் திரளும் கூட்டம் மலேசியாவில் கிரிக்கெட்டுக்குத் திரள்வதில்லை. மகளிர் கிரிக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம். சொந்த மண்ணில் கண்ட அத்தகைய தோல்வி எவரையும் துவளச் செய்துவிடும். ஆனால், வினிஃபிரெட் விலகிச் செல்லவில்லை.

2022-இல் வங்காளதேசத்திலும் 2024-இல் இலங்கையிலும் நடைபெற்ற ஆசியக் கிண்ணத் தொடர்களில் அவரே அணியை வழிநடத்தினார். அவற்றிலும் மலேசியாவுக்கு வெற்றி கிட்டவில்லை. 2024-இல் இலங்கையிடம் 40 ஓட்டங்களில் அணி வீழ்ந்தது உண்மை. ஆயினும், வலிமைமிக்க வங்காளதேசத்துக்கு எதிராக 20 ஓவர்களும் தாக்குப்பிடித்து 77 ஓட்டங்கள் எடுத்தது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் 111 ஓட்டங்கள் எடுத்து, 22 ஓட்டங்கள் வித்தியாசத்தில்தான் தோற்றது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதுதான்.

2025 ஜனவரியில், 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான டி20 உலகக் கிண்ணப் போட்டியை மலேசியா ஏற்று நடத்தியது. அதில் மலேசிய இளம்பெண்கள் முதன்முறையாகக் களமிறங்கினர். இந்தியாவுக்கு எதிராக அவர்கள் எடுத்தவை 31 ஓட்டங்கள். மூத்தவர்கள் பட்ட அடியே இளையவர்களுக்கும் விழுந்தது. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. இத்தகைய அடி வாங்கிய பின்னரும் மீண்டும் மட்டையைக் கையில் எடுத்த ஓர் அக்காளை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடையே சமதளத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஓங்கி அடித்த பந்து சரிவில் உருண்டோடினால் ஆட்டம் நின்றுவிடும். அங்கே மட்டை பிடிக்க விரும்பும் ஒரு மாணவியிடம், “பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த விளையாட்டு?” என்று யாரேனும் கேட்கக்கூடும். அவள் நீண்ட விளக்கம் தரத் தேவையில்லை. வினிஃபிரெட்டின் பெயரைச் சொன்னால் போதும். கிண்ணம் எதையும் வெல்லாமலேயே ஒரு விளையாட்டாளர் விட்டுச்செல்லக்கூடிய சொத்து அது.