வலது தோளுக்குப் பின்னால்

சைக்கிளில் விழாமல் போகப் பழக மூன்று விடியற்காலை போதும். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள். அவர்களே நாலாம் நாள் மைதானத்தைத் தனியாகச் சுற்றி வந்துவிடுகிறார்கள். ஆனால் அதே பெண் திருச்சி சாலையில் ஏறி, கை நடுங்காமல் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகிறது. சைக்கிள் கற்றுக்கொடுப்பது என்றால் எனக்கு அந்த மூன்று வாரம்தான்.

நான் கற்றுக்கொண்டது 1992-இல், பதினேழு வயதில், புதுக்கோட்டையில். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்த காலம். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று நின்றார். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஓட்டினோம். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்காவே மூன்று மாதத்துக்கு முன்னால் கற்றவர்தான். ஏறுவது, மிதிப்பது, இறங்குவது வரைக்கும் சொன்னார். சாலையைப் பற்றி அவர் சொன்னது ஒரே சொல்: “ஓரமாப் போ.” வீட்டிலும் அதையே சொன்னார்கள். பெண்பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல் அது.

ஓரமாகத்தான் போனேன். தார் முடிந்து செம்மண் தொடங்குகிற கோட்டின் மேலேயே சக்கரம் ஓடும். ஒரு நாள் பின்னால் பஸ் ஹாரன். பதறி இன்னும் இடதுபக்கம் ஒடித்தேன். தார் விளிம்பு அங்கே நாலு விரல் உயரம் இருக்கும். முன்சக்கரம் கீழே இறங்கிவிட்டது. பஸ் கடந்ததும் மேலே ஏறிவிடலாம் என்று ஹேண்டிலை லேசாக வலப்பக்கம் சாய்த்தேன். சக்கரம் ஏறவில்லை, விளிம்பை உரசிக்கொண்டே ஓடியது. ஹேண்டில் திரும்பாமல் போனால் சைக்கிள் நிற்காது. சாலையின் பக்கமாகவே விழுந்தேன். பின்னால் இன்னொரு வண்டி வரவில்லை, அவ்வளவுதான். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த விழுகையை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. சைக்கிளைச் சாயாமல் வைத்திருப்பது ஹேண்டில்தான். இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலை இடது பக்கமே திருப்ப வேண்டும். சக்கரம் போய் உடம்புக்கு அடியில் தாங்கிக்கொள்ளும். நேராகப் போவதாக நாம் நினைக்கிறபோதும் அது இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று ஆடிக்கொண்டேதான் போகிறது. அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். விளிம்பில் போகிறவளுக்கு இடது பக்கம் இடமே இல்லை. ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒதுங்க இடமில்லாமல் செய்வது, முன்கூட்டியே ஒதுங்கிவிடுகிற பழக்கம்தான்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தார் விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே வா. மணல் சேர்வது, கண்ணாடித் துண்டு கிடப்பது, நெல்லோ உளுந்தோ காயப்போடுவது எல்லாம் ஓரத்தில்தான். பின்னால் வருகிற ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே நீ இருக்க வேண்டும். கண்ணில் பட்டவளைத்தான் அவர் சுற்றிப் போவார். நிறுத்தியிருக்கும் காரைத் தாண்டும்போது இன்னும் தள்ளிப் போ, கதவு எந்த நொடியும் திறக்கலாம். தப்பித்தவறி விளிம்பிலிருந்து இறங்கிவிட்டால் உருட்டி ஏற்றப் பார்க்காதே. நின்று, இறங்கி, தூக்கி வைத்துக்கொள். ரயில்வே கேட் தண்டவாளத்திலும் சக்கரம் இப்படியே மாட்டும், நேர்குறுக்காகக் கட.

இதைக் கேட்டதும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “உள்ள வந்தா பின்னாடி வர்றவன் இடிச்சிட மாட்டானாக்கா?” அந்தப் பயத்துக்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை. திரும்பிப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பார்த்தால் எளிது, செய்தால்தான் தெரியும். வலது தோளுக்கு மேல் திரும்பும்போது தலையோடு தோள் போகும், தோளோடு கை போகும், கையோடு ஹேண்டில் போகும். சைக்கிள் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, எந்த வண்டிக்குப் பயந்து திரும்பினோமோ அதன் முன்னாலேயே போய் நிற்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கவே மறுப்பது இதனால்தான். காதை நம்பியே ஓட்டுகிறார்கள். இப்போது சத்தமே போடாத மின்சார ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன, காது போதாது.

மைதானத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போடுவேன். அதன் மேல் அவர்கள் போக, நான் பின்னால் பத்தடி தள்ளி நடந்து வருவேன். “இப்ப!” என்று குரல் கொடுத்ததும் திரும்பிப் பார்த்து நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும், சக்கரம் கோட்டை விட்டு ஒரு சாணுக்கு மேல் விலகக் கூடாது. முதல் நாள் ஒருவராலும் முடியாது. பிறகு சூட்சுமத்தைச் சொல்வேன்: உடம்பைத் திருப்பாதே, முகவாயை மட்டும் வலது தோளில் கொண்டுபோய் வை. முழங்கைகளைத் தளர விடு. அப்படியும் இழுத்தால் வலது கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு பார். தோள் எவ்வளவு திரும்பினாலும் பிடித்து இழுக்க அங்கே கை இல்லை. ஒற்றைக் கையில் ஓட்டத் தெரிந்தால்தான் இது வரும் என்பதால் அதற்கு இரண்டு நாள் தனியாக ஒதுக்குகிறேன். கையை நீட்டிச் சைகை காட்டவும் அதுவேதான் வேண்டும்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ஒரு பெண் போன மாசி மாதம் வந்தாள். நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், பஸ் நேரத்துக்கு வராது. முதல் நாள் இரண்டு பெடலையும் கழற்றினேன். இடது பெடலின் மரை தலைகீழ். எல்லா மரையும் திறக்கிற பக்கம் இதை முறுக்கினால் இறுகிக்கொண்டே போகும் என்று ஸ்பானரை அவள் கையில் கொடுத்துக் காட்டினேன். சீட்டை இரண்டு பாதமும் தரையில் பதிகிற அளவுக்கு இறக்கி, லேசான சரிவில் காலால் உந்தி உந்திப் போகவிட்டேன். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய முதல் வண்டிக்கும் பெடல் கிடையாது. இப்படிக் காலால் உந்திப் போனதுதான். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பழைய முறையை நான் விட்டு வெகுகாலமாகிறது. பிடித்திருப்பவரின் கைதான் பேலன்ஸ் செய்கிறது, ஓட்டுகிறவர் கை சும்மா இருக்கிறது.

மூன்றாம் நாள் பெடலை மாட்டினோம். பிரேக்கில்தான் அவளுக்குப் பிடிவாதம். நம் ஊர்ச் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. அதைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று யாரோ சொல்லி, இடது பிரேக்கை மட்டும் பிடித்தாள். பிரேக் பிடித்ததும் உடம்பின் பாரம் முன்னால் வருகிறது; பின்சக்கரம் லேசாகி வழுக்கத்தான் செய்யும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கே. வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு என்றேன். சமையல்காரியின் கைக்கு அது உடனே புரிந்துவிட்டது. மழையில் ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும்; முன்னதாகவே லேசாக உரசிக் காயவைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அன்றே சொன்னேன். சேலை முந்தானையை இடுப்பில் சுற்றிச் செருகாமல் ஒரு நாளும் ஏறவிடவில்லை.

சாலைக்கு மூன்றாம் வாரம் போனோம். நான் முன்னால் போக மாட்டேன்; முன்னால் போனால் என் முதுகைப் பார்த்தே ஓட்டுவார்கள். பின்னால், கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வருவேன். ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போய்ச் சட்டென்று இடதுபக்கம் ஒடித்து ஸ்டாப்பில் நின்றது. இடது பக்கச் சந்தில் புகுந்துவிடலாம் என்று அவள் கை போனதைப் பார்த்தேன். “நில்லும்மா, ஆள் இறங்குவாங்க” என்றேன். நின்றாள். நாலைந்து பேர் படியிலிருந்து குதித்து இறங்கினார்கள். லாரிக்கும் அப்படித்தான், சிக்னலில் அதன் இடது பக்கம் போய் நிற்கவே கூடாது. திரும்பும்போது ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் தெரியாது.

கீரனூர்ப் பக்கம் பிரிகிற இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பயமாக இருந்தால் இடதோரம் நின்று இறங்கி, உருட்டிக்கொண்டே கடக்கலாம் என்று சொல்லியிருந்தேன். நானே நெரிசலில் அப்படித்தான் செய்கிறேன். அவள் நிற்கவில்லை. திருப்பத்துக்கு முப்பது அடி முன்னாலேயே முகவாய் தோளில் வந்து பட்டது. ஹேண்டில் அசையவில்லை. வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைப் போகவிட்டாள். மறுபடி பார்த்தாள். வலது கை நீண்டது, விரல்கள் விரிந்திருந்தன. பின்னால் வந்த பைக்காரர் வேகம் குறைத்தார். நடுச்சாலைக்கு வந்து, எதிரே பார்த்து, வளைந்து போய்விட்டாள். நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன், கண் கலங்கிவிட்டது.

இப்போது செகண்ட் ஹாண்டில் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறாள். பேரனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார் வைத்ததாகவே பார்த்து வாங்கினாள். நேற்றுக் கேட்டாள்: “காரியர்ல அரிசி மூட்டை வச்சுப் போகணும்க்கா, எப்படி?” மூட்டை பின்னால் ஏறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும், பிரேக் பிடித்தாலும் நிற்கத் தூரம் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் பத்துக் கிலோ மணல், பிறகு இருபது.