அரை டம்ளர் தயிர்

"பால் எலும்புக்கு நல்லது" என்று 30 வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். போன வருடம் கிரியாட்டினின் ஏறியதும் டயட்டீஷியன் முதலில் கைவைத்தது என் தயிர்சாதத்தில்தான்.

240 மில்லி பாலில் சுமார் 8 கிராம் புரதம், 200 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ், 300க்கு மேல் பொட்டாசியம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். பழுதானதால் முடியாது. ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கினால் எலும்பிலிருந்தே கால்சியம் கரையும், உடம்பு அரிக்கும். நான் பாடம் நடத்திய அதே பால்!

மோர் வெறும் தண்ணீர்தானே என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் தினமும் நாலு டம்ளர் குடித்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிட்டது. பிட் அடித்து மாட்டிய பையன் மாதிரி டாக்டர் முன்னால் நின்றேன்.

இப்போது நாளைக்கு அரை டம்ளர். பாலோ தயிரோ, ஏதாவது ஒன்று. பாக்கெட் சீஸ் கிடையவே கிடையாது. அதில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு சுலபமாக ரத்தத்தில் ஏறிவிடும். ராத்திரி சாதத்தில் இரண்டு கரண்டி தயிர், உப்பும் ஊறுகாயும் இல்லாமல். முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை. இப்போது அந்த இரண்டு கரண்டிக்காகக் காத்திருக்கிறேன்.

நண்பர்களே, இது என் அளவு. உங்கள் அளவை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒளித்து மட்டும் குடிக்காதீர்கள்.