ஒரு கிழங்கு, 6 நிமிடம்

மைக்ரோவேவ் அடுப்பு இப்போது நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். மதியக் குழம்பைச் சூடு பண்ணுவதற்கும், ஆறிப்போன காப்பியைச் சுட வைப்பதற்கும்தான் நாம் அதைத் தொடுகிறோம். அதில் உருளைக்கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்துச் சாப்பிடும் விதத்தை இன்று எழுதுகிறேன். வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கும் நண்பர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன்.

என் மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. பகல் சாப்பாடு எப்படியோ நடந்துவிடும். கஷ்டம் ராத்திரிக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். வீட்டுக்காரர் போய்விட்டார், மகள் பிரான்சில். "எனக்கு ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கணுமா, அண்ணே?" என்பார். டீயில் இரண்டு பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் மூன்று பேர் இதே கதைதான். மாத்திரை மட்டும் தவறாது. அந்த மாத்திரை வெறும் வயிற்றில் போகிறது.

அந்த அம்மா சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பானையில் தண்ணீர் வைத்து ஒரு கிழங்கை அவித்தாலும் இருபதிலிருந்து முப்பது நிமிடம், ஆறு கிழங்கை அவித்தாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். அந்த அடுப்பு குடும்பத்துக்கு ஏற்பட்டது. ஒருவருக்காக அதைப் பற்ற வைத்தால் வீண் என்றுதான் தோன்றும்.

மைக்ரோவேவின் கணக்கு வேறு. அதிலிருந்து வரும் சக்தி இவ்வளவுதான் என்று ஒரு அளவு இருக்கிறது. உள்ளே வைக்கும் பொருள்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிழங்குக்கு 6 நிமிடம் என்றால் இரண்டுக்கு 9, 10 நிமிடம் ஆகும். நாலு வைத்தால் கால் மணிக்கு மேல். பத்துப் பேர் வந்தால் அது உதவாது. தனி ஆளுக்கு மட்டும் அது நியாயம் செய்கிறது. 800 வாட் அடுப்பு கரண்டில் சுமார் 1,200 வாட் இழுக்கும் என்று வைத்தாலும், 6 நிமிடத்துக்கு 0.12 யூனிட்தான். நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். அணைத்தோமா இல்லையா என்று படுக்கையை விட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

உருளைக்கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நுண்ணலைகள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரை போய் அந்தத் தண்ணீரைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு பரவித்தான் நடுப்பகுதி வேகிறது. ஆகவே இது தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்காது. தோல் மொறுமொறுவென்று வராது, கருகின வாசனையும் இருக்காது. கிழங்கு தன் தண்ணீரிலேயே அவிகிறது என்பதுதான் சரி.

இனி செய்முறை. கோப்பில் குறிப்பு எழுதியே காலம் கழித்தவன், வரிசை எண் போட்டே எழுதுகிறேன்.

1. சுமார் 150 கிராம் எடையுள்ள கிழங்கு ஒன்று. விரலால் தேய்த்தால் தோல் உரியும் புதுக் கிழங்கு வேண்டாம். முற்றினது நல்லது, மாவாக உதிரும்.

2. மண் போகத் தேய்த்துக் கழுவித் துடைக்கவும். முள்கரண்டியால் சுற்றிலும் எட்டுப் பத்து இடத்தில் குத்தவும். இதை விடக்கூடாது. ஆவி வெளியேற வழி இல்லாவிட்டால் கிழங்கு வெடிக்கும்.

3. கண்ணாடித் தட்டில் வைத்து, முழு வேகத்தில் 3 நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் 3 நிமிடம். கத்தி முனை நடுவரை தடையில்லாமல் இறங்கினால் வெந்தது. இல்லையென்றால் அரை அரை நிமிடமாகக் கூட்டவும்.

4. வெளியே எடுத்துத் துணியால் மூடி 5 நிமிடம் விடவும். வெளிச்சூடு நடுவுக்குப் போய்ச் சேர்வது அப்போதுதான்.

தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் எண்ணெய் தடவி, சூடான தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் உருட்டலாம். மேலே குறுக்காக வெட்டி, இரண்டு பக்கமும் அமுக்கினால் பூ மாதிரி விரியும். உப்பு, மிளகுத் தூள், கொஞ்சம் வெண்ணெய் போதும். எனக்குத் தயிரும் பச்சை வெங்காயமும் பிடிக்கும். அந்த அம்மா பூண்டு ஊறுகாயைப் பிசைந்துகொள்கிறார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். உருளைக்கிழங்குக்குப் பிரெஞ்சில் 'பொம் த தேர்', அதாவது மண்ணில் விளையும் ஆப்பிள். தோலோடு வேகவைத்தால் 'ஆன் ரோப் தெ ஷான்', வயல்வெளி அங்கி போட்டது என்பார்கள். வீட்டில் போட்டுக்கொள்ளும் அங்கி என்று பொருள்படும்படி 'ஆன் ரோப் த ஷாம்ப்ர்' என்பாரும் உண்டு. இதைப் பிரான்சில் பரப்பியவர் பார்மாந்தியே என்ற மருந்தாளர். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் கைதியாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த உணவு உருளைக்கிழங்கு. அதைத் தின்று உயிரோடு திரும்பி வந்தவர், மாட்டுத் தீனி என்று தன் ஊரார் ஒதுக்கியதை மனிதர் உணவு என்று வாதாடினார். இன்று பாரீஸ் மெட்ரோவில் அவர் பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது.

சில எச்சரிக்கைகள். எவர்சில்வர் பாத்திரமோ பொன் கோடு போட்ட தட்டோ உள்ளே போகக்கூடாது. நேரத்தை அதிகமாக வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது; கிழங்கு காய்ந்து புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பச்சை நிறம் ஏறி, கசக்கும் கிழங்கைத் தூக்கி எறியுங்கள். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சோற்றுக்குப் பதிலாகச் சின்னக் கிழங்கு ஒன்று சாப்பிடலாம், சோற்றோடு சேர்த்து வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பொட்டாசியம் அதிகம்.

கடைசியாக ஒன்று. சமையலறையில் நின்றபடியே விழுங்கிவிட்டு வராதீர்கள். தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். விருந்தாளி வந்தால் எப்படிப் போடுவோமோ அப்படி. சாப்பிடப்போகிறவர் ஒருவர்தான் என்றாலும், அவரும் பசியோடு இருக்கிறவர்தானே.

பொன் அப்பெத்தி!