பின்னே வரும் வண்டி

தகப்பன் ஒருவன் தன் குழந்தைக்கென ஒரு பொருளை வாங்கப் புகும்போது, கடைக்காரர் சொல் ஒருபுறம், அண்டை வீட்டார் பேச்சு ஒருபுறம், தன் சொந்த வீம்பு ஒருபுறம் என மூன்று திசைகளில் இழுக்கப்படுகிறான். இம்மூன்றையும் விலக்கிவிட்டுப் பொருளைப் பொருளாகவே காண்பது அத்துணை எளிதன்று. சைக்கிளின் பின்னே பூட்டி இழுக்கும் குழந்தை வண்டி ஒன்றைத் தேடி நாம் மூன்று மாதம் அலைந்தோம். அக்கதையை இங்கு எழுதப் புகுந்தது நம் பெருமை பேசுவதற்கன்று. நாம் செய்த பிழைகள் பிறருக்கேனும் பயன்படட்டும் என்பதற்கே.

பாயா ரும்புட் என்னும் மலாய்ப் பெயருக்குச் சதுப்பு, புல் என்பன பொருள். இன்று சதுப்பும் குறைந்தது, பால்மரமும் குறைந்தது. செம்பனையும் புதிய தாமான் வீடுகளுமே கண்ணில் படுகின்றன. எஞ்சி நிற்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாம் கிராணியாக இருக்கிறோம். நம் வீடு தோட்டத்தின் ஒரு கோடியில். நம் அன்னையார் வாழும் பழைய லயன் மறு கோடியில். அதற்கு அருகிலுள்ள பாலர் பள்ளியில் நம் துணைவியார் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். இரண்டு வயது நிரம்பிய நம் மகளை நாள்தோறும் பாட்டியிடம் விட்டுவிட்டு அவர் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலை வழியே 3 கிலோமீட்டர். பெருஞ்சாலையைச் சுற்றிச் சென்றால் அதைப் போல் இரு மடங்கு. அவ்வழியில் லாரிகள் ஓயாது ஓடும். துணைவியார்க்கு மோட்டார் சைக்கிள் பழக்கமில்லை; சைக்கிள் நன்கு ஓட்டுவார். குழந்தையை எங்கே அமர்த்துவது என்பதே கேள்வி.

நம் வலக் கணுக்காலில் ஒரு தழும்பு உண்டு. நம் தந்தையார் பால்மரம் வெட்டியவர். நமக்கு நான்கு வயதிருக்கும்போது, சைக்கிளின் முன் கம்பியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் நம்மை அமர்த்தி ஆயாக் கொட்டகைக்குக் கொண்டு சென்றார். தூக்கக் கலக்கத்தில் நம் கால் சக்கரக் கம்பிகளுக்குள் சென்றுவிட்டது. அன்று அவர் அழுததை நாம் பின்னொரு போதும் கண்டதில்லை. அவர் கவனமற்றவரல்லர், அவர் கையில் இருந்தது அந்தச் சைக்கிளும் அந்தத் துண்டுமே. அவரே பின்னாளில் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி நம்மை ஆங்கிலத்தில் படிக்க வைத்தார். அயல்நாட்டார் எழுதிய கையேடுகளை நாம் இன்று படிக்க முடிகிறதென்றால் அது அவர் தந்த கல்வி. படித்ததை நம்மவர்க்குத் தமிழில் சொல்லாது வைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் துரோகமாகும்.

நிற்க. சைக்கிள் சக்கரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு சிறிதன்று. 1887-ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகன் ஓட்டிய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினார். மறு ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிளும், பின்னர் மோட்டார் வண்டியும் அக்காற்றுச் சக்கரத்தின் மேல் ஏறவே, உலகெங்கும் ரப்பருக்குத் தேவை பெருகிற்று. 1896-இல் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வாணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். அத்தோட்டங்கள் பெருகப் பெருக, நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தனர். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் வண்டி குலுங்கலாகாது என்று எண்ணியதன் தொலைதூர விளைவே நாம் இங்கிருப்பது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும், எவர் பிள்ளைகள் குலுங்காமல் செல்வதற்காக நம்மவர் பாலெடுத்தனரோ அவர்கள் பிள்ளைகள் மெத்தையில் சென்றனர்; நம் பிள்ளைகள் கம்பியில் அமர்ந்தனர்.

இனி வண்டிக்கு வருவோம். குழந்தையைச் சைக்கிளில் கொண்டு செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, சைக்கிளின் மேலேயே பொருத்தும் இருக்கை. மற்றொன்று, இரு சக்கரங்களுடன் பின்னே தொடரும் வண்டி. கடைகளில் இதனை டிரெய்லர் என்பர். இருக்கையில் குழந்தை ஓட்டுபவருக்கு அருகில் இருக்கும். ஆனால் சைக்கிள் சாய்ந்தால் குழந்தையும் அவ்வுயரத்திலிருந்து சாயும். பின்வண்டியோ தரைக்கு அருகில் தாழ்ந்து செல்வது. அதன் இணைப்பு எப்பக்கமும் திரும்ப வல்லதாதலின், சைக்கிள் கீழே விழுந்தாலும் வண்டி நிமிர்ந்தே நிற்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இவ்விரண்டனுள் பின்வண்டியையே மேலெனக் கூறுகிறது; ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் கொண்டு செல்லவே கூடாதென்றும் கூறுகிறது. ஜெர்மனியின் சாலை விதியோ, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருவருக்கு மேல் பின்வண்டியில் ஏற்றலாகாதென்றும், ஓட்டுபவர் 16 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டுமென்றும் வரையறுக்கிறது.

இவற்றையெல்லாம் படித்துத் தேறிவிட்டோம் என்னும் செருக்கோடு அன்னையாரிடம் சென்றோம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, பச்சைப் பிள்ளையைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போவதுதானே முறை? பின்னால் கட்டி இழுத்துப் போக அது என்ன விறகா?”

நாம் நகைத்தோம். நகைத்தது தவறு. மலாக்கா பெச்சாவைப் பாருங்கள்: பினாங்கில் பயணி முன்னே அமர்வார், மலாக்காவிலோ ஓட்டுபவருக்குப் பக்கத்தில் அமர்வார். இரண்டிலும் ஓட்டுபவர் கண்ணுக்குப் பயணி தெரிவார். பின்வண்டியில் குழந்தை தூங்குகிறதா, அழுகிறதா, தொப்பியைக் கழற்றி எறிகிறதா என்பதை ஓட்டுபவர் அறியமாட்டார். அன்னையார் கேட்டது மூடத்தனமன்று. கையேடு எழுதியவர்களும் எண்ணிப் பார்த்த குறைதான். கைப்பிடியில் ஒரு கண்ணாடி பொருத்துவதும், அடிக்கடி நின்று பார்ப்பதும், குழந்தையோடு பேசிக்கொண்டே செல்வதும் அதற்கு விடை. படித்தவன் சொல்லிவிட்டான் என்பதற்காக ஒன்றை ஏற்பதும், கிழவி சொன்னாள் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் ஒரே வகை அறியாமையின் இரு முகங்களேயாம்.

அடுத்து நாம் செய்த பிழை விலையைப் பற்றியது. இணையத்தில் மலிவாக ஒரு வண்டி கண்டோம். படத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டோம். வந்திறங்கியபின் பார்த்தால், அது நாயை ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. குழந்தையின் தோள், இடுப்பு, கால்களுக்கிடை என ஐந்து இடங்களில் பிடிக்கும் வார் இல்லை. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் மேற்சட்டம் இல்லை. துணியும் கம்பியும் மட்டுமே. விற்றவரிடம் திருப்பித் தந்து பணம் பெறுவதற்குள் ஒரு மாதம் கழிந்தது. புறத்தோற்றத்தில் இரு வண்டிகளும் உடன்பிறந்தவை போலிருக்கும். ஆதலின், ஐரோப்பாவின் ஈ.என். 15918 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1975 என்னும் தரநெறி பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாராமல் எவரும் காசு கொடுக்க வேண்டா.

பின்னர் நகரத்து நண்பர் ஒருவர், தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டமையால் தம் வீட்டில் கிடந்த இரட்டை இருக்கை வண்டியைத் தர முன்வந்தார். நாம் அதனைத் துருவிப் பார்த்தோம். இணைப்பு இரும்பில் விரிசல் உண்டா, வார் வெயிலில் நைந்ததா, பூட்டு உடனே விடுபடுகிறதா, சக்கரம் ஆடுகிறதா என்றெல்லாம் பார்த்தோம். இணைப்புத் தவறினாலும் வண்டியைச் சைக்கிளோடு பிடித்து நிறுத்தும் காப்பு வார் தேய்ந்திருந்தது, புதிதொன்று மாற்றினோம். பின் சக்கர அச்சில் இணைப்பைப் பூட்டும் முறை சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும். நம் துணைவியாரின் பழைய சைக்கிளுக்கு நட்டுக்கு உள்ளே செருகும் இரும்புத் தகடு தேவைப்பட்டது.

அன்னையார் முன்னிலையில் 12 கிலோ அரிசி மூட்டையை வண்டியில் வைத்து வாரால் கட்டி ஓட்டினோம். பின்பு நின்றவாறே சைக்கிளை வேண்டுமென்றே கீழே சாய்த்தோம். சைக்கிள் மண்ணில் கிடந்தது, வண்டி நிமிர்ந்து நின்றது, மூட்டை அசையவில்லை. அன்னையார் வாய் திறக்கவில்லை. வண்டிக்குள் கைவிட்டு மெத்தையை அழுத்திப் பார்த்தார். கழகங்களின் அறிக்கையால் ஆகாதது ஒரு மூட்டை அரிசியால் ஆயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இடையூறு இருந்தது. தோட்டத்து வடிகாலின் மேல் ஒரு பலகைப் பாலம். அதன் அகலம் 90 சென்டிமீட்டர். இரட்டை வண்டியோ 80 சென்டிமீட்டருக்கும் சற்று மேல். ஒரு சக்கரம் சிறிது விலகினால் குழந்தை வடிகாலில். ஆகவே ஓரிருக்கை வண்டியே தக்கது என்று முடிவு செய்தோம்; அது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுகியது. உண்மையைச் சொன்னால், அம்முடிவில் கணக்கு மட்டுமன்றி வேறொன்றும் இருந்தது. புத்தம் புதிய ஓரிருக்கை வண்டியில் கிராணி மகள் மட்டும் அமர்ந்து செல்லும் காட்சி நம் மனத்துக்கு இனித்தது.

அவ்வேளையில் நம் வீட்டருகே வாழும் ஜாகாக்காரரின் பேரன் வந்தான். நான்கு வயது, துணைவியார் கற்பிக்கும் பள்ளியிலேயே பயில்பவன். தாத்தாவின் மோட்டார் சைக்கிளில் முன்னே நின்றுகொண்டு, தலைக்கவசமின்றிப் பள்ளி செல்பவன். அவன் இரட்டை வண்டிக்குள் எட்டிப் பார்த்து, “கிராணி மாமா, இந்தப் பக்கம் எனக்கா?” என்றான்.

நாம் விடை சொல்லவில்லை. நம் கணுக்காலைப் பார்த்தோம்.

இரவு துணைவியார் சொன்னார்: “பாலம் குறுகியது என்று வண்டியைக் குறுக்குகிறீர்கள். பாலத்தை அகலப்படுத்த முடியாதா என்று ஒரு முறையேனும் எண்ணினீர்களா?”

எண்ணவில்லை. கடிதம் எழுதுவதே தொழிலாகக் கொண்ட நாம் அதற்கொரு கடிதம் எழுத எண்ணவில்லை. மறுநாள் மேலாளருக்கு எழுதினோம். பலகை தருவதாகவும், ஆள் தர இயலாதெனவும் விடை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமும், ஜாகாக்காரரும், அறுவடை செய்யும் வங்காள தேசத்து இளைஞர் ஒருவரும் அரை நாள் உழைத்தோம். அவ்விளைஞர் தம் மகளைக் கைப்பேசியில் மட்டுமே கண்டு வருபவர். அவரை நாம் அழைக்கவில்லை, அவரே சுத்தியலுடன் வந்தார். பாலம் ஒன்றரை மீட்டர் அகலமாயிற்று. இரு ஓரங்களிலும் சக்கரம் விலகாதபடி கட்டை அடித்தோம். நம் உள்ளங்கையில் கொப்புளம் கண்டது. கிராணி கையில் கொப்புளமா என்று லயனில் சிலர் சிரித்தனர். நமக்கு அது தழும்பினும் இனிதாயிருந்தது.

இப்போது வண்டியில் இருவர் செல்கின்றனர். மகள் 11 கிலோ, சிறுவன் 15 கிலோ, வண்டி 13 கிலோ. ஆக 39 கிலோ. வண்டி தாங்கும் அளவு பொறிக்கப்பட்டுள்ளது; அதற்குட்பட்டே ஏற்றுகிறோம். இத்தனை பாரம் இறக்கத்தில் சைக்கிளைப் பின்னின்று தள்ளுமாதலின், தடைக்கட்டைகளைப் புதிதாக மாற்றினோம். திருப்பத்தில் துணைவியார் மெல்லச் செல்வார். உட்பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் வண்டி கவிழக்கூடும். குழந்தைகள் இருவருக்கும் தலைக்கவசமும் வாரும் உண்டு. தலைக்கவசம் பின்புறம் தடித்திருந்தால் தலையை முன்னே தள்ளும். முதுகுத் துணியில் அதற்குக் குழிவு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குக. மழைத் திரையை மழையில் மட்டுமே மூடுக. நம் நாட்டு வெயிலில் அது வண்டியை அடுப்பாக்கிவிடும். உயர்ந்த கொடி ஒன்றும் பின் விளக்கும் இன்றி வண்டி வெளியே புறப்படுவதில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வோம். இவ்வண்டி பெருஞ்சாலைக்கு ஏறாது. தாழ்ந்த வண்டி லாரிக்காரரின் கண்ணுக்குப் படாமற் போகலாம். புகைக் குழாயின் உயரத்திலேயே குழந்தையின் மூக்கும் இருக்கும். எந்த வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன் எந்த வழி நல்லது என்று கேட்க வேண்டும். தோட்டச் சாலையோ, தாமானின் உள்வீதியோ இல்லாதவர், எத்துணை விலையுயர்ந்த வண்டியாயினும் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

நேற்றுக் காலை அன்னையார் லயன் வாசலில் நின்று வண்டியை எதிர்கொண்டார். இரு பிள்ளைகளையும் அவிழ்த்து இறக்கினார். பிறகு வண்டியின் கீழே குனிந்து, சக்கரக் கம்பிகளுக்கும் குழந்தைகளின் காலுக்கும் இடையே உள்ள கெட்டித் துணியைத் தட்டிப் பார்த்தார்.

“உன் அப்பாவுக்கு இது கிடைக்கவில்லையே, தம்பி” என்றார்.

அவருக்கு வண்டி மட்டுமன்று, அகன்ற பாலமும் கிடைக்கவில்லை. தோட்டத்திலும் நகரிலும் வாழும் தகப்பன்மாரே, உங்கள் குழந்தைக்கு வண்டி தேடும்போது இருக்கைகளை எண்ணுங்கள். அப்படியே வழியில் உள்ள பாலத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.