மகஜரில் ஒரு நாய்

பறிமுதல் மகஜரில் மூன்றே பொருள்கள்: சிப்பிப்பாறை நாய் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, நைலான் கயிறு ஒன்று. நாயை வேட்டைக் கருவியாகக் காட்டிய மகஜரை என் வழக்கறிஞர் தொழிலில் அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

2019-இல் நடந்தது. மதுரையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கொடைக்கானல் மலைக்குள் மூன்று நாள் நடைப்பயணம் கிளம்பியிருக்கிறார். துணைக்குத் தன் நாய். அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. அந்தக் காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம் என்பதே அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் காலை, அவிழ்த்துவிட்டிருந்த நாய் கேளையாடு ஒன்றைக் கண்டதும் பாய்ந்துவிட்டது. சிப்பிப்பாறை வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். கண்ணில் பட்டதைத் துரத்தும். கேளையாடு தப்பியது. ரோந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலரிடம் இவர் அகப்பட்டார்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, அனுமதியின்றி நுழைந்தது ஒரு குற்றம். இணக்கக் கட்டணம் கட்டி அதை முடித்துவிடலாம். மற்றொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை: வேட்டை. கொன்றால்தான் வேட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். துரத்துவதும், விரட்டுவதும், அதற்கு முயல்வதும் வேட்டையே என்கிறது சட்டம். சரணாலயத்துக்குள் நடந்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை, இணக்கத்துக்கும் வழியில்லை.

வனச்சரக அலுவலகத்துக்குப் போனபோது நாய் வராந்தா பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. வாலை ஆட்டியதே தவிர எழவில்லை. குனிந்து முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலின் கருந்தோல் உரிந்து, புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்த சதை. அதில் மண் ஒட்டியிருந்தது. டைல்ஸ் தரையில் வளர்ந்த கால், ஒன்றரை நாள் சரளைக்கல்லில் நடந்திருக்கிறது.

"வழியில எங்கயும் படுக்கவே இல்ல சார். என்கூடவே வந்துச்சு" என்றார் இளைஞர். குரல் உடைந்துவிட்டது. கூடவே வரும்தான். நாம் நிற்காதவரை அதுவும் நிற்காது. அதனால்தான் அதற்கும் சேர்த்து நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

காவலர் வயதில் மூத்தவர். கோபமாகப் பேசவில்லை. "நாய் கொலச்சா யானை பயந்து ஓடிரும்னு நெனைக்காதீங்க தம்பி. நாயத் தொரத்திக்கிட்டு வரும். நாய் எங்க ஓடும்? உங்க காலுக்குத்தான ஓடியாரும்" என்றார். சிறுத்தைக்கு நாய் என்றால் இரை என்பதையும் சொன்னார். நோயைப் பற்றி வனச்சரகர் விளக்கினார். முந்தைய ஆண்டு, 2018-இல், குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அங்கே பரவியது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். ஊர் நாயின் எச்சிலும் கழிவும் செந்நாய்க் கூட்டத்துக்கு எதைக் கொண்டுபோகும் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

ஜாமீன் மனுவில் என் வாதம் முழுக்கக் காவலரின் வாக்குமூலத்தில் இருந்த ஒரே வரியை நம்பி நின்றது: "நாய் தானாக ஓடியது; அவர் திரும்பி வரச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்." அந்த வரியை அவர் விட்டிருந்தால் கேட்பார் இல்லை. விடவில்லை. துரத்த ஏவியவன் வேறு, கூப்பிட்டும் கேட்காத நாயின் சொந்தக்காரன் வேறு என்று வாதிட்டேன். ஜாமீன் கிடைத்தது, விசாரணை முடிவில் வனத்துறை வேட்டைப் பிரிவைக் கைவிட்டது. வழக்கில் நான் இளைஞர் பக்கம் நின்றேன். நாயைக் காட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டால், அன்றும் இன்றும் நான் அந்தக் காவலர் பக்கம்தான்.

நாயைத் திரும்பப் பெறத் தனி மனு போட்டோம். உத்தரவு கைக்கு வந்த மத்தியானமே இளைஞர் நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். நான்கு பாதங்களும் ஆற இருபது நாளானதாகப் பிறகு போனில் சொன்னார்.